சுவரோர வரிசை

பொட்லெஸ்க் முட்டை மண்டியில் கெட்ஸல் உட்காரும் மூலை பட்டப்பகலிலும் இருட்டாகத்தான் இருக்கும். ஜன்னலுக்குச் சாக்கு கட்டி, ஓட்டை போட்ட தகர டப்பாவுக்குள் விளக்கை ஏற்றி வைத்து, கைக்கு இரண்டு முட்டையாக எடுத்து ஓட்டைக்கு நேரே உருட்டுவார். உள்ளே தெளிவாக இருந்தால் வைக்கோல் பெட்டிக்கு. அது ரயிலேறி வியன்னாவுக்குப் போகும். ரத்தப் பொட்டு தெரிந்தால் தோல் பதனிடுகிறவர்களுக்கு. ஆறு நாளும் இதுதான் வேலை.

ஏழாம் நாள் வேறு. யூத ஜெபக்கூடத்தில் தோரா வேதச் சுருளை விரித்ததும் முதலில் அவர் பெயரைத்தான் கூப்பிடுவார்கள். மர வியாபாரியும் மாடி வீட்டுக்காரர்களும் தங்கள் முறைக்குக் காத்திருக்க, வைக்கோல் வாசனை போகாத கையோடு கெட்ஸல் மேடையேறுவார். காரணம், அவர் கொஹேன். ஆரோன் வழி வந்த ஆசாரிய வம்சம். அதிலும் ஒரு காலத்தில் இந்த ஊருக்கே ரபியாக, அதாவது மதகுருவாக இருந்த மெஷூலமின் கொள்ளுப்பேரன். அந்தக் குடும்பத்துப் படிப்பும் பதவியும் வேறு கிளைகளுக்குப் போய்விட்டன. இவர் பங்குக்கு மிஞ்சியது ரத்தம் ஒன்றுதான். அதைக் கண்ணாடிக் கூஜாவைத் தூக்கிக்கொண்டு நடப்பவர் போல அவர் ஜாக்கிரதையாகச் சுமந்தார்.

கொஹேன் இருக்கும் கூரைக்கடியில் பிணம் இருக்கக் கூடாது. தெருவில் யாராவது இழுத்துக்கொண்டு கிடக்கிறார் என்று கேள்விப்பட்டாலே கெட்ஸல் மேல்கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். அவர் மனைவி ஸெல்டெ வாசலில் நின்று பக்கத்து வீட்டுக்காரிகளிடம் சொல்வாள்: "இந்த ஊர்ல யாருக்கு முடியலைன்னாலும் முதல்ல ஓடறது என் வீட்டுக்காரர்தான். டாக்டரக் கூப்பிட இல்ல, தப்பிச்சுப் போக."

கல்லறைத் தோட்டத்துக்குள்ளும் கொஹேன் கால் வைக்கக் கூடாது. பெற்றவர்கள், கட்டியவள், உடன்பிறந்தவர், பிள்ளை என்று நெருங்கிய ரத்தத்தைப் புதைக்கும்போது மட்டும் விலக்கு உண்டு. அதனால் ஊர் அடக்கச் சங்கத்தார் கொஹேன்களையும் அவர்கள் வீட்டாரையும் சுவரை ஒட்டிய வரிசையில்தான் புதைப்பார்கள். உயிரோடு இருப்பவர்கள் வெளியே பாதையில் நின்றபடியே சுவருக்கு மேலாகக் கல்லைப் பார்த்து ஜெபம் சொல்லிக்கொள்ளலாம். மெஷூலமின் கல் அந்த வரிசையில்தான் இருக்கிறது. மேலே இரண்டு விரிந்த கைகள் செதுக்கியிருக்கும், கொஹேன்கள் ஆசீர்வாதம் சொல்லும்போது விரிக்கிற மாதிரி. கெட்ஸல் வருஷா வருஷம் போய் அந்தக் கைகளைச் சுவருக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வருவார்.

அந்தக் கைகளைப் பற்றி ஊரில் ஒரு பழைய பேச்சு உண்டு. மெஷூலம் வந்ததால் ரபி பதவியை இழந்த குடும்பம் கிளப்பிவிட்டது. மெஷூலம் கொஹேனே அல்ல. கொஹேன் வீட்டில் சோறு தின்று வளர்ந்த வேறொருவர் பிள்ளை என்பார்கள். அந்தக் குடும்பத்து வாரிசு ஓஸெர். சாராயக்கடை வைத்திருப்பவர், அடக்கச் சங்கத்துக்கும் அவர்தான் தலைவர். இளவட்டமாக இருந்தபோது ஒரு கல்யாணத்தில், நாலு கிளாஸ் உள்ளே போன பிறகு, ஓஸெர் இதைச் சத்தமாகச் சொன்னார். கெட்ஸல் மேஜையைச் சுற்றி வந்து கன்னத்தில் ஒன்று விட்டார். மேளக்காரர்கள் வாசிப்பதையே நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பின் இரண்டு பேருக்கும் பேச்சு கிடையாது.

இனி நடந்ததைச் சொல்லலாம்.

கெட்ஸலுக்கும் ஸெல்டெக்கும் பிள்ளை இல்லை. பிள்ளையில்லாமல் புருஷன் செத்தால், அவன் உடன்பிறந்தவன் வந்து சடங்கு செய்து விடுவிக்கும் வரை விதவை மறுபடி கல்யாணம் செய்துகொள்ள முடியாது. கெட்ஸலின் ஒரே தம்பி வோல்ஃப் அமெரிக்காவுக்குப் போய் வருஷக்கணக்காகத் தகவல் இல்லை. அந்த வசந்தத்தில் விஷக்காய்ச்சல் வந்து கெட்ஸல் படுத்தபோது, டாக்டர் வெளியே வந்து தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார். கெட்ஸலுக்கு உயிரை விடப் பயமில்லை. இவளைக் கடல் தாண்டி எங்கேயோ காணாமல் போனவனின் தலையில் கட்டிவிட்டுப் போகிறோமே என்றுதான் புலம்பினார். அதற்கு ஒரே வழி, சாவதற்கு முன்பே தள்ளுதற்சீட்டு கொடுத்துவிடுவது. விவாகரத்தானவள் விதவை அல்ல. யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம்.

ஊர் ரபி ஆன்ஷெல், தன் மகள் கல்யாணத்துக்கு வெளியூர் போயிருந்தார். வழிப்போக்கராகத் தங்கியிருந்த வேறொரு ரபியைக் கூட்டிவந்தார்கள். நல்ல மனுஷர், படித்தவர். 'பிழைத்தால் செல்லாது' என்று நிபந்தனை போட்டு எழுதினால் பின்னால் சிக்கல் வரும், நிபந்தனையில்லாமலே எழுதுவோம், ஆள் பிழைத்தால் மறுபடி கல்யாணம் பண்ணிவைத்தால் போயிற்று என்றார். யாருக்கும் அதுதான் சரியான வழி, ஒருவரைத் தவிர. விவாகரத்தான பெண்ணைக் கொஹேன் கட்டக் கூடாது. அவனே தள்ளிவிட்ட அவன் மனைவியானாலும் சரி. கட்டில் கொஹேனின் கட்டில் என்று அந்த ரபிக்குத் தெரியாது. அறையில் நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். தெருவுக்கே தெரிந்த விஷயத்தை யார் எடுத்துச் சொல்வார்கள்? இன்னொருவர் சொல்லியிருப்பார் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டார்கள். கெட்ஸலுக்கோ தன் பெயரே பாதிதான் நினைவிருந்தது.

சீட்டை அவள் உள்ளங்கையில் போட்டார். பிழைத்தால் மறுபடி கட்டிக்கொள்கிறேன் என்று ரபியின் கையில் அடித்துச் சத்தியமும் செய்தார். ஸெல்டெ அழுகையை அடக்கிக்கொண்டு, "ரெண்டாங் கல்யாணம்னு பழைய துணி எதையாவது போர்த்தி ஏமாத்தக் கூடாது, பட்டு கவுன்தான் வேணும்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். கெட்ஸலும் சிரித்தார்.

ஒன்பதாம் நாள் ஜுரம் விட்டது.

ஆன்ஷெல் ரபி ஊர் திரும்பியதும் நேரே கெட்ஸல் வீட்டுக்கு வந்தார், வாயெல்லாம் சிரிப்பாக. நடந்ததைக் கேட்கக் கேட்க அவர் தேநீர் கிளாஸை மெல்லக் கீழே வைத்தார். அறையில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்று சாயங்காலமே ஸெல்டெ தன் தலையணைகளையும் பித்தளை மெழுகுவர்த்தித் தண்டுகளையும் தூக்கிக்கொண்டு மீன் சந்தில் ஒரு வாடகை அறைக்குப் போனாள். பிரிந்தவர்கள் ஒரே முற்றத்தில் இருக்கக் கூடாது. கொஹேன் என்றால் ஒரே சந்தில்கூட இருக்கக் கூடாது. பாதி உடம்பு தேறிய கெட்ஸல் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். பெட்டி தூக்கப் போகக்கூட அனுமதியில்லை.

அந்தக் கோடையில் அமெரிக்காவிலிருந்து திரும்பிய ஒரு தையல்காரர் சந்தையில் வைத்துச் சொன்னார், வோல்ஃப் நெஞ்சு நோவில் போய்ச் சேர்ந்து மூன்று குளிர்காலம் ஆகிவிட்டதென்று. தம்பியே இல்லையென்றால் அவளைக் கட்டிப்போட யாரும் இல்லை. சீட்டே தேவைப்பட்டிருக்காது. இதைக் கேட்டதும் ஸெல்டெ வாங்கிய வெங்காயத்தைத் திரும்பக் கடையிலேயே வைத்துவிட்டுப் போனாளாம். கெட்ஸல் தம்பிக்காக ஏழு நாள் துக்கம் காக்க முறையில்லை, செய்தி பழையது. ஒரு மணி நேரம் தாழ்ந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டு மண்டிக்குப் போனார். அன்று நல்ல முட்டைகளையும் பொட்டு விழுந்தவற்றோடு போட்டுவிட்டார் என்று முதலாளி கத்தினார்.

இருட்டு மூலையில் உட்கார்ந்து யோசித்தபோதுதான் அந்தப் பழைய பேச்சு அவருக்கு நினைவு வந்தது. அவர் கொஹேன் இல்லையென்றால்? நினைத்த மாத்திரத்தில் எச்சில் துப்ப வேண்டும் போலிருந்தது. ஆனால் நினைப்பு போகவில்லை. தாத்தாவின் பெயர் ஸான்வெல். மெஷூலமின் தலைச்சன் பிள்ளை. செத்தவர்களின் பெயரைத்தான் பிள்ளைக்கு வைப்பார்கள். தலைச்சனுக்கு முதலில் வருவது தகப்பனைப் பெற்றவர் பெயர். மெஷூலமின் தகப்பன் யோஸெஃப் கொஹேன் அப்போது செத்துப் பல வருஷம். அப்படியிருக்க ஏன் யோஸெஃப் இல்லை? யார் அந்த ஸான்வெல்? ஏதோ மாமா என்று வீட்டில் சொல்வார்கள். எந்த மாமா என்று யாரும் கேட்டதில்லை.

ஒரு மத்தியான வேளையில், கடையில் ஆளில்லாத நேரமாகப் பார்த்து, கெட்ஸல் ஓஸெரின் சாராயக்கடைக்குள் நுழைந்தார். ஓஸெர் பீப்பாய்க்குப் பின்னால் ஹெர்ரிங் மீனை நறுக்கிக்கொண்டிருந்தார்.

"யாரு, கொஹேனா? வழி தவறி வந்துட்டியா, இல்ல அடுத்த கன்னத்துக்கா?"

கெட்ஸல் நின்றுகொண்டே இருந்தார். "அன்னிக்கு நீ சொன்னத முழுசாச் சொல்ல விடல நான். இப்போ சொல்லு."

ஓஸெர் கத்தியைத் துடைத்தார். ஊரில் நடந்தது அவருக்கும் தெரியும். இருபது வருஷம் காத்திருந்த சந்தோஷம் கைக்கு வந்திருந்தது. ஆனால் எதிரே நின்றவரின் கழுத்து எலும்பைப் பார்த்ததும் அதை எப்படி அனுபவிப்பதென்று தெரியவில்லை போலிருந்தது. ஸ்டூலைக் காலால் தள்ளிவிட்டார்.

அவர் சொன்னது இவ்வளவுதான். மெஷூலம் பிறந்தது துர்க்கிவ் ஊரில். தாய் பெயர் ஹிண்டெ. பிள்ளை தொட்டிலில் இருக்கும்போதே அவள் புருஷன் ஸான்வெல் இறந்துவிட்டான். பிறகு அவளைக் கட்டியவர்தான் யோஸெஃப் கொஹேன்; விதவையைக் கட்டக் கொஹேனுக்குத் தடையில்லை. சொந்தப் பிள்ளை இல்லாததால் அவர் இந்தப் பையனையே தோளில் தூக்கி வளர்த்தார்; ஆசீர்வாதம் சொல்லும்போது தன் சால்வைக்குள்ளேயே நிறுத்திக்கொண்டார். வளர்ந்தவன் இந்த ஊருக்கு வந்தான், கொஹேனாகவே வந்தான். ஓஸெரின் தாத்தா துர்க்கிவ் வரை போய் அந்த ஸான்வெலின் கல்லறைக் கல்லைப் பார்த்துவிட்டு வந்தார். கெட்ஸலின் தாத்தா அது வேறே ஸான்வெல் என்றார். அதோடு ஊர் இரண்டு பட்டது. இன்றுவரை ஓஸெர் வீட்டில் தலைச்சன் ஆண் பிறந்தால், கொஹேனுக்கு ஐந்து வெள்ளி கொடுத்து மீட்கிற சடங்கை உள்ளூரில் செய்வதில்லை. குழந்தையை வண்டியில் போட்டுக்கொண்டு வேறு ஊர்க் கொஹேனைத் தேடிப் போவார்கள்.

"கல்லு இன்னும் அங்கதான் நிக்குது. போய்ப் பாத்துக்கோ" என்றார் ஓஸெர். பிறகு கத்தி நின்றது. "ஓ. நீ உள்ள போக முடியாதுல்ல."

சிரிப்பார் என்று கெட்ஸல் எதிர்பார்த்தார். அவர் சிரிக்கவில்லை. ஒரு சின்ன கிளாஸில் ஊற்றி முன்னால் தள்ளினார். காசு வாங்கவில்லை.

ஆன்ஷெல் ரபி முழுவதையும் கேட்டார். நெடுநேரம் தாடி நுனியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தார். இந்த ஊரின் தலைச்சன் ஆண்களில் பாதிப்பேரைக் கெட்ஸலின் தாத்தாதான் வெள்ளி வாங்கி மீட்டுக்கொடுத்தவர். ஆன்ஷெல் ரபியே அவர் மடியில் கிடந்தவர். தாத்தா கொஹேன் இல்லையென்றால் அந்த மீட்பு எதுவும் செல்லாது.

"அதப் பத்திக் கவலப்படாத" என்றார் ரபி. "நான் கெழவன், இன்னொரு அஞ்சு வெள்ளி கொடுத்து என்ன நானே மீட்டுக்கறேன். கசாப்புக்காரரும் தலைச்சன்தான், கத்துவாரு, கத்தட்டும். உன் பெரியப்பா மக்கள், வெளியூர்ல ரபியா இருக்கறவங்க, உன்ன வாழ்நாள் முழுக்க சபிப்பாங்க. அதையும் நீ தாங்கிப்ப. எனக்கு வேண்டியது ஒண்ணுதான். கல்லு ஓஸெர் சொன்னபடி இருந்தா, நீ இங்க வந்து என் முன்னாடி நின்னு, நான் கொஹேன் இல்ல, எங்கப்பா இல்ல, எங்க தாத்தா இல்லன்னு வாய் நெறையச் சொல்லணும். நீயே நம்பாதத நான் எப்படி அனுமதிக்கறது? சொல்லு, பெரிய ரபிமாருக்கு நான் எழுதறேன். உன் கல்யாணப் பந்தல நானே பிடிக்கறேன்."

துர்க்கிவுக்குப் போகும் வண்டியில் வண்டிக்காரரும் அவர் மனைவியும் முன்னால் உட்கார்ந்தார்கள். ஸெல்டெ வண்டிக்காரர் மனைவிக்குப் பக்கத்தில். கெட்ஸல் பின்பலகையில், காலைத் தொங்கவிட்டுக்கொண்டு, திரும்பி உட்கார்ந்து வந்தார். பேச்செல்லாம் வண்டிக்காரர் மனைவி வழியாகவே நடந்தது. அவருக்குக் குளிருதான்னு கேளு என்பாள் ஸெல்டெ. குளிரலன்னு சொல்லு என்பார் இவர். கேக்காமலே தெரியும், அந்தக் கோட்டுப் பொத்தான் ரெண்டு போயிருக்கு, வீட்டுல தச்சுப் போட யாருமில்ல பாரு, என்று அவளே முடித்துக்கொள்வாள். வண்டிக்காரர் மனைவி நடுவில் திணறிப்போய், "என்ன விட்ருங்கப்பா, நான் நடந்தே வரேன்" என்றாள்.

துர்க்கிவ் கல்லறைத் தோட்டம் மேட்டில் இருந்தது. வாசலுக்குக் கதவு இல்லை. சுற்றுச்சுவர் பாதி சரிந்து, சில இடத்தில் முழங்கால் உயரம்கூட இல்லை. ஸெல்டெ பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு காட்டுச்செடிகளுக்குள் நுழைந்தாள். கெட்ஸல் சுவரோடு சுவராக வெளியே நடந்தார், அவள் தலைமுக்காடு போகிற பக்கமாகவே. சுவரோர வரிசையில் யோஸெஃப் கொஹேனின் கல் கிடைத்தது, கைகள் இருந்தன. ஸான்வெல் அங்கே இல்லை. அவள் உள்ளே, மேலும் உள்ளே போனாள், சாதாரண ஜனங்கள் கிடக்கிற இடத்துக்கு. அவள் குனிவதும் பாசியைச் சுரண்டுவதும் தெரிந்தது. பிறகு அசையாமல் நின்றாள்.

"இருக்கு" என்று குரல் கொடுத்தாள். எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படித்தாள்: "ஸான்வெல். ஹிண்டெயின் கணவன். தொட்டிலில் ஒரே மகன் மெஷூலமை விட்டுப் போனவன்." நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "மேல கையெல்லாம் ஒண்ணும் இல்ல. ஒரு மான் செதுக்கியிருக்கு. அவ்வளவுதான்."

வேறே ஸான்வெல் இல்லை. இவர்தான். மூன்று தலைமுறை சண்டை அந்தச் செடிகளுக்கு நடுவே ஒரு மானாக நின்றுகொண்டிருந்தது.

ஸெல்டெ திரும்பி அவரைப் பார்த்தாள். சிரித்தாள். காய்ச்சல் காலத்துக்குப் பிறகு அவர் பார்த்த முதல் சிரிப்பு. "யோவ் கெட்ஸல், என்ன அங்கேயே நிக்கற? வா. வந்து நீயே பாரு. இனி யாரு உன்னத் தடுக்கறது?"

அவர் நின்ற இடத்தில் சுவர் முழங்காலுக்குத்தான் வந்தது. கெட்ஸல் ஒரு காலைத் தூக்கிச் சுவர்மேல் வைத்தார். பூட்ஸிலிருந்து மண் உதிர்ந்து உள்பக்கம் விழுந்தது. மறுகாலை எடுக்க வேண்டியதுதான். மூச்சை இழுத்துப் பிடித்தார். நாலு வயதில் அப்பா தோளில் உட்கார்ந்து தெருப் பிணத்துக்கு ஒதுங்கி ஓடியது, தாத்தாவின் சால்வைக்குள் அந்த வெள்ளை இருட்டு, தன் விரல்களை அவர் பிரித்து வைத்த விதம், எல்லாம் அந்தக் காலுக்குள்ளேயே இருந்தன. கல் சொன்னதை அவர் முழுக்க நம்பினார். கால் நம்பவில்லை. தம் பிடித்து இன்னொரு முறை முயன்றார். பிறகு மெல்ல, ஏதோ சூடான பொருளை எடுப்பது போல, காலைச் சுவரிலிருந்து எடுத்துப் பாதையில் வைத்துக்கொண்டார்.

ஸெல்டெயின் சிரிப்பு எப்போது போனது என்று அவர் கவனிக்கவில்லை. அவள் செடிகளை விலக்கிக்கொண்டு சுவர் வரை வந்தாள். இரண்டு பேருக்கும் நடுவில் முழங்கால் உயரக் கல்.

"என்னால முடியல ஸெல்டெ."

"பாத்துட்டுத்தான இருந்தேன்." கையில் ஒட்டிய பாசியை உதறினாள். திட்டுவாள் என்று நினைத்தார். அவள் வேறொன்று கேட்டாள். "உன் பொண்டாட்டியா செத்திருந்தா நீ என் கூடவே உள்ள வந்து மண்ணு போட்டிருக்கலாம். அதுக்கு உனக்கு அனுமதி உண்டு. இப்போ நான் செத்தா நீ எங்க நிப்ப?"

அவள் வாசல் பக்கம் நடந்துபோய், வாளித் தண்ணீரில் கை கழுவி, வழக்கப்படி துடைக்காமல் காற்றில் காயவிட்டாள்.

மறுநாள் ரபி முன்னால் இரண்டு பேரும் நின்றார்கள். கல்லில் என்ன இருந்தது என்று ரபி கேட்டார். ஸெல்டெ வாயைத் திறந்தாள். பிறகு கெட்ஸலைப் பார்த்து மூடிக்கொண்டாள். சொல்ல வேண்டியவர் அவர்.

"நான் பாக்கல ரபி" என்றார் கெட்ஸல். "வெளியதான் நின்னேன்."

கெட்ஸல் கொஹேனாகவே நின்றுவிட்டதால் ஆன்ஷெல் ரபியும் மீட்கப்பட்ட தலைச்சனாகவே இருந்துவிடலாம். அந்த நிம்மதி தன் முகத்தில் தெரிந்துவிடுமோ என்று கூச்சப்பட்டவர் போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதற்குப் பின் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. பண்டிகை நாட்களில் கெட்ஸல் செருப்பைக் கழற்றிவிட்டு மேடையேறி, சால்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு, விரல்களைப் பிரித்து ஊரை ஆசீர்வதித்தார். அந்த நேரம் கொஹேனை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. அது அவருக்கு வசதியாக இருந்தது. ஸெல்டெக்கு இரண்டு வரன் வந்தது. இரண்டாவது வரன் பல் போன சோப்பு வியாபாரி. தான் விவாகரத்தானவளே தவிர பைத்தியம் இல்லை என்று தரகரிடம் சொல்லி அனுப்பிவிட்டாள். மீன் சந்திலேயே இருந்து வாத்து இறகு உரித்துத் தலையணை தைத்தாள்.

ஒரு இலையுதிர் காலத்தில் அவள் அடக்கச் சங்கத்துக்குப் போய்த் தனக்கு இடம் வேண்டும் என்று கேட்டாள். உள்ளே நல்ல மேட்டு நிலம் இருக்கிறது, நிழல் இருக்கிறது என்றார்கள். அவள் சுவரோர வரிசைதான் வேண்டும் என்றாள். சங்கத்து ஆட்கள் கொந்தளித்துவிட்டார்கள். அது கொஹேன்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் உள்ள இடம். இவள் இப்போது கொஹேன் மனைவி அல்ல. எந்த முறையில் கேட்கிறாள்? அவள் பெஞ்சைவிட்டு எழுந்திருக்கவில்லை.

தலைவர் நாற்காலியில் இருந்த ஓஸெர் கன்னத்தைத் தடவிக்கொண்டார்.

"எங்க வீட்டுக் கணக்குப்படி அந்த வரிசையில பாதிப்பேரு கொஹேனே இல்ல" என்றார். "அவங்களுக்கு நடுவுல இந்தம்மாவும் கெடந்துட்டுப் போகட்டும். பாதைக்கு ரொம்பக் கிட்ட இருக்கற எடமாப் பாத்துக் குடுங்க."